மச்சான் அள்ளிவந்த மீன்

என் மனைவியின் அண்ணன், தங்கை என்றால் உயிரை விடுகிற மனிதர். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. அத்தனை நாளில் ஒருதரம்கூட அவர் வீரபாண்டியிலிருந்து எங்கள் ஓடைப்பட்டிக்கு வெறுங்கையோடு வந்ததில்லை. நான் வாங்கிக் கொடுப்பதெல்லாம் அவர் கண்ணில் படவே படாது. அதில் எனக்குக் கடுப்புதான். ஆனாலும் அந்த மனிதரைப் பிடிக்காமல் இருப்பது முடியாத காரியம்.

அன்று காலை முழங்கால் வரை சேறும், பை நிறைய ஜிலேபி மீனுமாக வந்து நின்றார்.

"ஆத்தா, மீன் கொழம்பு கேட்டேல்ல? தூண்டிலே வேணாம்னு ஆயிருச்சு. ஓடையில அம்புட்டும் மேலேயே மெதக்குது. கையாலேயே அள்ளிட்டேன்!" என்றார் தங்கையிடம்.

மாதக்கணக்கில் சோறு இறங்காமல் கிடந்தவள் உற்சாகமாக மீனை அரிய உட்கார்ந்தாள். அதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. குழம்பு கொதிக்கிற வாசனையில் சும்மா கேட்டுவைத்தேன்.

"ஓடையில எந்த எடம் மச்சான்?"

"ஒங்க திராட்சைத் தோட்டத்துக்குக் கீழதேன் மாப்ள. அங்கன ஒரு தெருவே எறங்கி அள்ளுது."

முந்தின நாள் சாயங்காலம் திராட்சைப் பந்தலுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, ட்ரம்மை அந்த இடத்தில்தான் கழுவினேன். அடியில் கிடந்த மிச்சத்தையும் ஓடையிலேயே கவிழ்த்தேன். எல்லோரும் கழுவுகிற இடம்தான், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்பு. ஆனால் இந்த வருஷம் மழையில்லாமல் ஓடை குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கோபம்தான் எனக்கு எப்போதும் கைவசம் இருக்கிறதே.

"நாத்தமடிக்குது. கொட்டு அதை!" என்று கத்தினேன்.

மச்சான் முகம் சுருங்கிப்போனது. "எங்கண்ணன் கொண்டாந்தா மட்டும் ஒங்களுக்கு நாறும்" என்று சொல்லிவிட்டு, உப்புப் பார்க்க உள்ளங்கையில் துளிக் குழம்பை ஊற்றினாள் அவள். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வாயில வைக்காத! அந்த ஓடையிலதேன் நேத்து மருந்து ட்ரம்மக் கழுவுனேன்."

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எந் தங்கச்சிக்கு வெசத்தையா கொண்டாந்தேன்?" என்று அழுதார். நான் செய்ததற்கு அவர் அழுதது என்னால் தாங்க முடியவில்லை. "நீங்க இல்ல மச்சான், நாந்தேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூனை, காக்கை தொடாதபடி குழம்பைக் குழிதோண்டிப் புதைத்தோம். அத்தோடு முடிந்தது என்று பெருமூச்சு விட்டேன். அவள் வயிற்றில் கைவைத்தபடி கேட்டாள்.

"நம்ம சட்டியக் கொட்டியாச்சு. அங்கன அள்ளிட்டுப் போனாகளே, அவுகளுக்கு யாரு சொல்றது?"

மச்சானும் நானும் அவர் பைக்கில் கிளம்பினோம். ஓடையில் ஆள் யாரும் இல்லை, கொக்குகள் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தன. மச்சான் இறங்கிப்போய்க் கைதட்டி விரட்டினார். நாலடி பறந்துபோய்த் திரும்பி வந்து உட்கார்ந்தன.

மீன் அள்ளிய தெருவின் முதல் வீட்டில், மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். மச்சான் முந்திக்கொண்டார்.

"மீனத் தின்னுறாதீக ஆத்தா. நானும் மாப்ளயும் மருந்து ட்ரம்ம ஓடையில கழுவிப்புட்டோம்."

ட்ரம் கழுவிய நேரத்தில் அவர் வீரபாண்டியில் இருந்தார். நல்லவேளை, அந்தத் தெருவில் யாரும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே வைதார்கள்.