கேளாத காதில் ஒரு ‘ம்’

இதை நம்புவதும் நம்பாமல் போவதும் உங்கள் விருப்பம். ஆனால் நடந்தது. பட்டப்பகலில், ஜன்னல் வழியாக வெயில் கொட்டிக்கொண்டிருந்த ஓர் அறையில் நடந்தது. நடந்தது வேன் அக்காவுக்கு.

பள்ளிக்கூட வேன் ஓட்டியதால் அந்தப் பெயர். பிள்ளைகள் வைத்தது, பெற்றவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. கல்யாணம் நிலைக்கவில்லை. இரண்டாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையுமாகத் தனியாக இருந்தாள். வேனில் பிள்ளைகள் போடும் கூச்சலில் காது கிழியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் ஆளுக்கொரு மிட்டாய் என்பாள். ஒருவரும் மூடியதில்லை. மிட்டாய் மட்டும் தினமும் தீர்ந்துவிடும்.

ஒருநாள் சிக்னலில் நின்ற வேனைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்தது. நல்லவேளை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய நேரம். அக்காவுக்குத்தான் இடுப்பு போயிற்று. டாக்டர் வீரியமான வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வலி போனது. மாத்திரை போகவில்லை. நிறுத்தினால் உடம்பு வியர்த்தது, கால் உதறியது, பொட்டுத் தூக்கம் இல்லை. இன்னொரு டாக்டரைப் பார்த்தாள். அவருக்குத் தெரியாமல் வேறொருவரை. ஒன்று இரண்டாகி, இரண்டு ஒரு கைப்பிடியானது. வெளியூரில் இருந்த தங்கையிடம்கூட மூச்சு விடவில்லை.

முதலில் காதுக்குள் ‘கீ...’ என்று ஓர் இரைச்சல். பிறகு ஒரு காலையில் பல் தேய்க்கும்போது பார்த்தாள். குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. சத்தம் இல்லை.

காதைத் தட்டினாள். கையைத் தட்டினாள். எதுவும் இல்லை.

வேன் ஓனர் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். காது டாக்டர், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று காகிதத்தில் எழுதிக் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் மாத்திரைக்கு எங்கே போவது?

அதன்பின் அந்த அறையே கதி. காது கேட்காதவளுக்கு யார் போன் செய்வார்கள்? தங்கை மட்டும் மெசேஜ் அனுப்புவாள். நன்றாக இருக்கிறேன் என்று அக்கா பதில் போடுவாள். அதோடு சரி. தனக்குத் தானே பேசப் பழகிக்கொண்டாள். பேசுவது கேட்காது. தொண்டை அதிர்வது மட்டும் தெரியும். அதுவே ஒரு துணையாக இருந்தது.

ஒரு மத்தியானம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

“இன்னிக்கும் யாரும் வரல.”

“ம்.”

கேட்டது... காதில் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலி. கதவு பூட்டியது பூட்டியபடி.

பழைய இரைச்சல் இல்லை அது. யாராவது கதை சொன்னால் உம் கொட்டுவார்களே, அப்படி. வலது தோளுக்குப் பக்கத்தில். பெண் குரல்.

பயந்தாள்தான். ஆனால் எத்தனையோ மாதம் கழித்து அவள் கேட்ட முதல் சத்தம் அது. மறுநாள் அவளே பேச்சுக் கொடுத்தாள். வேன் பிள்ளைகளைப் பற்றி, விட்டுப்போன புருஷனைப் பற்றி, இடுப்பைப் பற்றி. சலிக்காமல் உம் கொட்டியது. மாத்திரை போட்டால்தான் அது வந்தது. கூடுதலாகப் போட்டால் இன்னும் பக்கத்தில் வந்தது.

அக்கா கூடுதலாகப் போட்டாள்.

போகப் போக, ஏதோ சரியில்லை.

சொல்லி முடிப்பதற்குள்ளேயே “ம்” வந்தது.

வாய் திறக்காமல் நினைத்ததற்கும் வந்தது...

கட்டிலின் வலது பக்கம் மெல்ல அமுங்கியது.

காதோரம் மூச்சு. ஜில்லென்று.

“அப்புறம்?”

எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு வரவில்லை.

“ஒண்ணும் இல்ல. போயிடு.”

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ.”

கை தானாக மாத்திரை அட்டையை எடுத்தது...

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. பக்கத்தில் தங்கை. மெசேஜுக்குப் பதில் வராததால் பஸ் பிடித்து வந்து, தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்திருக்கிறாள்.

இந்த முறை அக்கா எதையும் மறைக்கவில்லை. டாக்டர் எழுதிக் காட்டினார். இந்த மாத்திரை அளவுக்கு மீறினால் சிலருக்குக் காதைக் கொன்றுவிடும். காது செத்துப்போனால் மூளை தானாகவே சத்தங்களை உண்டாக்கிக்கொள்ளும். அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அப்படியானால் அங்கே யாரும் இல்லை. தேம்பித் தேம்பி அழுதாள்.

மாத்திரையை விடுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அதன்பிறகு ஆபரேஷன் செய்து காதுக்குக் கருவி பொருத்தினார்கள். தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல ஒரு குரல் வந்தது.

“அக்கா, கேக்குதா?”

“கேக்குது.”

தங்கை கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், அதுவரை மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“அன்னிக்கு நான் உடனே கதவைத் திறக்கலக்கா.”

ஏன் என்று அக்கா கேட்டாள்.

“உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. ஒரு பொம்பள ஏதோ சொல்லிட்டே இருந்தாங்க. நடுவுல நடுவுல நீ ‘ம்’னு சொல்லிட்டு இருந்த. காது கேக்காட்டியும் உனக்கும் பேச ஒரு ஆள் கிடைச்சாச்சேன்னு படியிலயே உக்காந்துட்டேன்.”

பேச்சு நின்ற பிறகு திறந்திருக்கிறாள். உள்ளே அக்கா மட்டும். தரையில். வாயில் நுரை.

தங்கை வந்து சேர்வதற்குப் பல மணி நேரம் முன்பே அவள் நினைவிழந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

அக்கா இப்போது தங்கையோடுதான் இருக்கிறாள். எல்லோருடனும் பேசுகிறாள், சிரிக்கிறாள். அறையில் தனியாக இருக்கும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. தும்மல் வந்தால்கூட, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.