சிவப்புப் பென்சில் கட்டம்

புனாவில், தாபோடியிலிருந்து சாங்விக்குப் போகும் பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் கையில் வடா பாவ் இருப்பதே நினைவுக்கு வந்தது. ஆறிப் போயிருந்தது. சுற்றியிருந்த செய்தித்தாளில் எண்ணெய் ஊறி, ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் தெரிந்தது. கீழே பவனா, தன்னை ஆறு என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படும் நிறத்தில் கிடந்தது. ஓர் இடத்தைவிட்டுக் கிளம்புவதில் நான் கெட்டிக்காரன். போய்ச் சேர்வதில்தான் எப்போதும் தகராறு.

பத்து நிமிடம் முன்பு ஸ்டேஷன் பக்கத்து வண்டிக்கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இரண்டு தமிழ்ப் பையன்கள். கராடிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை போலிருக்கிறது. ஒருவன் கையிலிருந்த போனில் ஏதோ ஒரு நாட்டின் ஊர் எரிந்துகொண்டிருந்தது.

"மச்சி, எல்லாம் எண்ணெய்க்குடா. வேற ஒண்ணும் இல்ல."

"முதல்ல அடிச்சது யாரு? அதப் பேசு நீ."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. முடிவு வராததால் ஒருவன் என் பக்கம் திரும்பினான். "அங்கிள், நீங்க தமிழ்தானே? நீங்களே சொல்லுங்க. இதுல யார் மேல தப்பு?"

"பஸ் வந்துருச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். பஸ் எதுவும் வரவில்லை.

எண்ணெய் ஊறிய செய்தித்தாளுக்கு ஒரு வாசனை உண்டு, நீங்கள் கவனித்திருப்பீர்கள். மையும் கடலை மாவும் கலந்த வாசனை. எனக்கு அது எந்தப் பலகாரத்தின் வாசனையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையின் வாசனை. தாபோடியில் இருந்த ஒரு தமிழ் மெஸ்ஸின் வாசனை.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பில் தோற்று, ஹூப்ளியில் லாரிக்கு மூட்டை ஏற்றி, சோலாப்பூரில் விசைத்தறி ஓட்டி, புனாவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். பிம்ப்ரியில் ஒரு பட்டறையில் இரும்புச் சுருள் அள்ளும் வேலை. மூன்று மாதத்தில் பட்டறையை மூடிவிட்டார்கள். மெஸ்காரர் பின்னறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுக்க இடம் கொடுத்தார். பகலில் மாவாட்டினேன், பாத்திரம் தேய்த்தேன். ஆனால் அவர் என்னை வைத்துக்கொண்டது அதற்காக இல்லை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதற்காக.

சிரிக்காதீர்கள். அங்கே அது பெரிய வித்தை. மெஸ்ஸுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் புனாவிலேயே பிறந்தவர்கள். அப்பா காலத்தில் பட்டாளத்தோடு வந்து தங்கிவிட்ட குடும்பங்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள். படித்ததெல்லாம் மராத்திப் பள்ளிக்கூடம். தமிழ்ப் பேப்பர் மெட்ராஸிலிருந்து ரயிலில் ஒரு நாள் தாமதமாக வரும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, மூலையில் இருந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்து நான் அதை உரக்க வாசிப்பேன். ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசிக்கும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் பேப்பரை மடித்த பிறகுதான் பேசலாம். பொறுக்க முடியாதவர்கள் இட்லியை மென்றுகொண்டே, "மடிச்சாச்சா? மடிச்சாச்சா?" என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மடித்ததும் ஆரம்பிக்கும். எப்போதும் ஒரே விஷயம்தான், இலங்கைக்குப் பட்டாளம் போனது. படை திரும்பி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மெஸ்ஸில் மட்டும் திரும்பவில்லை.

குடியாத்தத்துப் பக்கத்துக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற சுபேதார், ஒரு கட்சி. "இன்னாய்யா பேசறே நீ? அங்க நம்ம ஜனம் சாவுது, காப்பாத்தணும்னு அனுப்புனாங்க. ஆர்டர் வந்துச்சு, போனோம். அவ்ளோதான்."

இன்ஜின் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த திருநெல்வேலித் துரை எதிர்க்கட்சி. "காப்பாத்தப் போறவன் பீரங்கிய எதுக்குவே இழுத்துக்கிட்டுப் போறான்? தில்லிக்காரனுக்கு அந்தத் திரிகோணமலைத் துறைமுகத்து மேல கண்ணு. சனம் கினம்லாம் சும்மா."

"அங்க இருக்கற பொடியனுங்க ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கினு ஆயுதத்தக் குடுத்திருந்தா சண்டையே இல்லியே?"

"அவன்கிட்ட கேக்காமலே அவன் பேருல நீரு கையெழுத்துப் போட்டா குடுப்பானா? கொழும்புக்காரன் பெரிய ஆளு. தன் சண்டைய உம்ம தலையில கட்டிட்டுக் கைய வீசிட்டுப் போயிட்டான்."

"ஊர்க்காரன் பேசற பேச்சாய்யா இது? செத்தவன் யாரு? நம்ம பையன்!"

"அங்க செத்ததும் நம்ம சனந்தானவே!"

இந்த இடத்தில் இருவரும் சட்டென்று குரலைத் தாழ்த்துவார்கள். சுவரோரம் பெருமாள் உட்கார்ந்திருப்பார்.

பெருமாள் பட்டாளத்துக் கல்லூரியில் ஸ்டோர் கீப்பர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். சரக்கு வந்தால் பட்டியலில் கட்டம் போட்டு எண்ணுகிற பழக்கம். அவருடைய ஒரே மகன் செல்வம் அந்தப் பட்டாளத்தோடு யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கண்ணிவெடி எடுக்கும் வேலையில் இறந்தவன். பெருமாள் இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பேசியதில்லை. நான் மடித்ததும், 'என்னடா' என்பதற்கு மராத்தியில் 'காய் ரே' போட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"காய் ரே தம்பி, இன்னிக்கு அதப் பத்தி ஒண்ணும் வரலியா?"

வரவில்லைதான். பேப்பருக்கு அந்தப் போர் அலுத்துவிட்டது. தேர்தல் வந்தது, வெங்காய விலை வந்தது. நான் வரவில்லை என்று சொல்லும்போது மனிதர் தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போவார். சுபேதாரும் துரையும் பேச ஒன்றும் கிடைக்காமல் என்னை முறைப்பார்கள். செய்தி இல்லாத ஞாயிறுகளில் என் பெட்டியின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், அடுத்த வாரமும் அது எனக்குத்தானா என்று.

முதலில் சின்னதாகத்தான் செய்தேன். 'படையை அனுப்பியது சரியா என்று பாராளுமன்றத்தில் கேள்வி' என்று ஒரு வரி சேர்த்தேன். எந்தக் காலத்திலும் எவராவது கேட்டிருப்பார்கள், அது பொய்யே இல்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். மெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்று மணி நேரம் சண்டை. மெஸ்காரர் எனக்கு இரண்டாவது வடை வைத்தார். அடுத்த வாரம் இரண்டு வரி. என் குரலும் நன்றாகிக்கொண்டு வந்தது. இல்லாததை வாசிக்கும்போது எனக்கு ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை, அதை இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

பிறகு ஒரு ஞாயிறு, பெருமாளைப் பார்த்துக்கொண்டே, இதை வாசித்தேன்: "படையை அனுப்ப முடிவு செய்தது யார், ஏன் என்று விசாரிக்க அரசு ஒரு குழு அமைக்கிறது. இறந்த வீரர்களின் குடும்பத்தார் தங்கள் கேள்விகளை எழுதி அனுப்பலாம்."

மடித்தேன். சண்டை ஆரம்பிப்பதற்குள் பெருமாள் எழுந்து வந்தார்.

"அந்தப் பேப்பர நான் எடுத்துக்கட்டா?"

மெஸ்காரர் சரி என்றார். பெருமாள் பக்கத்தை என் மடியில் விரித்து, பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "எது, எங்க? காட்டு."

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் விரலை வைத்தேன். எங்கோ வைத்தேன். அவர் அந்த இடத்தைச் சுற்றி, ஓரம் கோணாமல், நான்கு பக்கமும் சிவப்பாகக் கட்டம் போட்டார். கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தாளைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் அவர் வரவில்லை. நான்காவது ஞாயிறு வந்தார். நான் வாசித்துக்கொண்டிருந்தபோதே நேராகப் பெட்டியருகே வந்து நின்றார். வாசிக்கும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அந்த மெஸ்ஸில் முதலும் கடைசியுமாக மீறியவர் அவர்தான். அந்தப் பழைய பக்கத்தை என் முன்னால் விரித்தார்.

"விரல் வெச்சுப் படி."

நான் கட்டத்துக்குள் பார்த்தேன். கோயம்புத்தூரில் பம்ப்செட் கண்காட்சி, பொதுமக்கள் வரவேற்பை முன்னிட்டு மேலும் இரண்டு நாள் நீட்டிப்பு.

"படிடா."

படித்தேன். முழுதும் படித்தேன். நேரம், இடம், நுழைவு இலவசம் என்பது வரைக்கும்.

பெருமாள் கத்தவில்லை. "மூணு வாரம் உக்காந்து எழுதினேன். ஹிந்தியில, நானே. வெடி எங்கெங்க இருக்குன்னு என் மகனுக்கு யாராச்சும் சொன்னாங்களா, போகச் சொன்னது யாரு, எதுக்கு. மூணே கேள்விதான். இந்தப் பக்கத்த மேல வெச்சுப் பின் குத்தி, நம்ம தமிழ் ஆபீசர் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன், மேல அனுப்பச் சொல்லி. அவர் படிச்சாரு. கண்ணாடியக் கழட்டினாரு. 'உக்காருங்க பெருமாள்'னாரு. அரே, இருபது வருசத்துல அந்த ரூம்ல என்ன யாரும் உக்காரச் சொன்னதில்ல. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

என் விரல் இன்னும் 'நுழைவு இலவசம்' மேலேயே இருந்தது.

"பொய் சொல்றதுக்கும் ஒரு காரணம் இருக்கும்ல? உன்னோடது என்ன? அதயாச்சும் சொல்லு."

அவர்மேல் இருந்த இரக்கமா, பெட்டியின்மேல் இருந்த பயமா, இரண்டாவது வடையா, என் குரல் எனக்கே பிடித்துப்போனதா? எல்லாவற்றையும் தராசில் போட்டு இத்தனை வருடம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று இறங்குகிறது.

கையில் இருந்த அன்றைய பேப்பரை என்னை அறியாமல் மடித்துவிட்டேன் போலிருக்கிறது. உடனே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"அவன இன்னாத்துக்கு மெரட்டறே? நாம கேட்டோம், அவன் படிச்சான்" என்றார் சுபேதார்.

"யாரு கேட்டா? வாரா வாரம் சண்டை வேணும்னு அலைஞ்சது நீரு" என்றார் துரை.

"வடை வெச்சது நானா? மெஸ்காரரக் கேளு."

"நான் வியாபாரத்துக்கு வெச்சேங்க. என்ன படிக்கிறான்னு நான் கண்டேனா?"

யார் முடிவு செய்தது, யாருக்கு லாபம், யார் யாரைத் தூண்டினார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பேசிய அதே சொற்கள். கேட்கக் கேட்க எனக்குத் தூக்கம் வருவதுபோல இருந்தது. பெருமாள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு யாரையும் தூக்குல போட வேணாம் தம்பி. ஒரு பேரு. இன்னாருதான், இதுக்குத்தான்னு ஒரு வார்த்த. அது வரும்னு வீட்டுல சொல்லிட்டேன். அவ தினம் போஸ்ட்மேன் வர்ற நேரத்துக்கு வாசல்ல போய் நிக்கிறா. சாயங்காலம் வீட்டுக்கு வா. நீயே அவகிட்ட சொல்லு. என்னால ஆகாது."

"வர்றேன்ணே" என்றேன்.

போனேன், பொய்யில்லை. ஐந்து மணிக்கு அவர் சந்து முனைவரைக்கும் போனேன். தகரக் கூரை வீடு, நீலக் கதவு. அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலை வாரி, புடவை மாற்றி, தெருவைப் பார்த்துக்கொண்டு. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. தபால் வராத நாள். அது தெரியாதவரில்லை அவர்.

நான் திரும்பினேன். மெஸ்ஸுக்குப் போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு பாலத்தின் பக்கம் நடந்தேன். இப்போது நடக்கிற இதே வழி. அப்போது பாலம் இவ்வளவு அகலமில்லை. தண்ணீரில் வானம் கொஞ்சம் தெரிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் பார்த்தாயிற்று. வயதான பிறகு மறுபடி இந்த ஊரே வாய்த்தது. தாபோடிக்கு எப்போதாவது வருவேன். மெஸ் இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். ரயிலில் வரும் பேப்பர் இல்லை. ஒருவன் வாசிக்க இருபது பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்பதும் உலகத்தில் இல்லை. சுபேதார் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஒருமுறை கேள்விப்பட்டேன். துரையைப் பற்றித் தகவல் இல்லை. பெருமாள் வீட்டுச் சந்து மொத்தத்தையும் இடித்து மாடி மாடியாகக் கட்டியிருக்கிறார்கள். கீழே வரிசையாக இரும்புத் தபால் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். போன வருடம் எல்லாப் பெயரையும் வாசித்துப் பார்த்தேன். காவல்காரர் யார் வேண்டும் என்று கேட்டார். பஸ் வந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல முடியாது. உள்ளே பஸ் வராது. சும்மா வந்தேன் என்றேன்.

துணிப்பையோடு பாலம் தாண்டிய அன்றைக்கு, சாங்வியில் ஒரு மாருதி கோயில் மண்டபத்தில் படுத்தேன். காலையில் எழுந்து நடந்தபோது ஒரு பழைய பேப்பர் கடை. உள்ளே கூரை வரைக்கும் செய்தித்தாள் கட்டுகள். மராத்தி தனியாக, இங்கிலீஷ் தனியாகப் பிரித்துக் கட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார் கடைக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாச்தா யேத்தே கா?" படிக்க வருமா என்று கேட்கிறார்.

"நாஹி" என்றேன், வராது என்று.

நல்லதாகப் போயிற்று, படிக்க வருகிறவன் வேலையை விட்டுவிட்டுப் படிக்க உட்கார்ந்துவிடுவான் என்று மராத்தியில் சொல்லி, சணல் கயிற்று உருண்டை ஒன்றை என் பக்கம் உருட்டிவிட்டார்.