மூக்குத்தி எந்தப் பக்கம்?

போனில் படம் வரையக் கற்றுக்கொண்ட புதிதில் எங்கள் வீட்டில் யாரும் எனக்கு முகம் காட்டத் தயாராக இல்லை. காரணம் இருந்தது. அம்மா சிரிக்கும் போட்டோ ஒன்றைப் பார்த்து வரைந்தபோது, பல்லை ஒவ்வொன்றாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தேன். சிரிப்பு சோளக்கருது மாதிரி வந்தது.

"இன்னாடி இது, சிரிக்கிறனா கடிக்க வர்றனா?" என்றாள் அம்மா.

நைனாவை வரைந்தபோது மீசையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, முடி முடியாக இழுத்துக்கொண்டே இருந்தேன். சின்னதாக்கிப் பார்த்தால் மீசை ஒரு ஊரிலும் முகம் ஒரு ஊரிலும் இருந்தது. நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மீசை வந்துடுச்சி. ஆளு எப்ப வருவாரு?"

இதற்கெல்லாம் அசருகிற ஆள் நான் இல்லை. பி.எஸ்.சி. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த காலம். போனும், ரப்பர் முனை வைத்த ஒரு பேனாவும் கையில் இருந்தன. முதல் பாடம், போட்டோவைக் கீழ் லேயரில் வைத்து மங்கலாக்கி, மேல் லேயரில் அதன்மேலேயே கோடு இழுப்பது. பள்ளிக்கூடத்தில் காகிதத்தில் எண்ணெய் தடவி இந்தியா மேப் எடுத்தோமே, அதே வித்தைதான். அடுத்த பாடம், போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைவது. மேப் எடுத்துப் பழகிய கைக்கு அது லேசில் வராது. எனக்கோ முதல் பாடம் முடிவதற்குள் கௌரவம் வந்துவிட்டது. இனிமேல் பார்த்துத்தான் வரைவேன் என்று வீட்டில் அறிவித்தேன். யாரும் கை தட்டவில்லை.

அப்போதுதான் அக்கா தானாகவே வந்து, "என்னை வரையுடி" என்றாள்.

எனக்கு நம்ப முடியவில்லை. அக்கா பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். என் படங்களைப் பார்த்தால் விடைத்தாள் திருத்துகிற முகம் வந்துவிடும் அவளுக்கு. ஆனால் அன்றைக்கு அந்த முகம் இல்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அவலூர்பேட்டைக்காரர், ஓரகடத்தில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. நைனாவுக்கு மாப்பிள்ளையின் அப்பாவை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் போர்வெல் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிப்பதில்லை. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அக்காவின் மனசைத் தவிர.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அவரு என் மூஞ்சிய பாக்கவே இல்லடி. தரையத்தான் பாத்துட்டு இருந்தாரு."

"தரை நல்லா இருந்திருக்கும். காலையில நான்தானே தொடச்சேன்."

"வெளையாடாத. அவரு சரின்னு சொன்னது எனக்கு இல்ல, அந்தப் போட்டோவுக்கு."

அந்தப் போட்டோவை எனக்கும் தெரியும். தரகரிடம் கொடுப்பதற்காக ஸ்டுடியோவில் எடுத்தது. முகத்தை வெள்ளையடித்து, கன்னத்தை வழவழப்பாக்கி, கழுத்தை மட்டும் மறந்து விட்டுவிட்டார்கள். அக்காவின் கழுத்தின் மேல் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

பேச்சு முடிந்ததிலிருந்து அவர் மெசேஜ் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் 'சாப்டாச்சா', 'சூப்பர்', 'ஓக்கே'. அவ்வளவுதான். இல்லையென்றால் ஒரு கட்டை விரல். நாலு வரி எழுதி அனுப்பினாலும் அதே கட்டை விரல்.

"என்னை நான் இருக்கிற மாதிரியே வரைஞ்சி குடு. அத அனுப்பப் போறேன். அதுக்கும் கட்டை விரல் வந்துச்சின்னு வெச்சிக்கோ, இந்த மனுசனுக்கு என் மூஞ்சியே தெரியாதுன்னு அர்த்தம். நைனா கிட்ட வேணாம்னு சொல்லிடுவேன்."

ஒரு கல்யாணம் என் ரப்பர் பேனாவில் தொங்கியது. பயமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது.

முதலில் பார்த்து வரைய ஒரு நல்ல போட்டோ வேண்டும். வேறு யார் போனைப் பிடித்தாலும் அக்காவின் முகம் ஹால் டிக்கெட் முகமாகிவிடும். அதனால் அவளே என் போனில் செல்ஃபி எடுத்தாள். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது வேலைக்கு ஆகவில்லை. போட்டோவில் எந்த இடத்தைத் தொட்டாலும் அந்த இடத்து நிறத்தை எடுத்துக் கொடுக்கிற கலர் பிக்கரால் அவள் கன்னத்தைத் தொட்டேன். வெளிறிய பச்சை வந்தது. போனில் தானாகவே முகத்துக்கு மாவு பூசுகிற பியூட்டி வசதியை அணைத்துவிட்டு, சாயங்கால வெயிலில் மாடியில் இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதில்தான் அக்கா வந்தாள். நெற்றியில் செம்பு, கன்னத்தில் நல்ல பழுப்பு, தாடைக்குக் கீழே என்னவோ ஒரு நிறம்.

"அக்கா, உன் தாடைக்கு அடியில ஊதா இருக்குது."

"கத்திரிக்காய்ன்றியா?"

"நெழல்ல அப்படித்தான் வரும். எனக்கும் இருக்கும்."

"உனக்கு இருக்கட்டும். எனக்கு எடுத்துடு."

எடுக்கவில்லை. ஊதாவை எடுத்தால் கழுத்து தட்டையாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பின்னணிக்கு எங்கள் மாடியிலிருந்து தெரிகிற செஞ்சிக்கோட்டை மலை ராஜகிரியைத் தனியாக ஒரு போட்டோ எடுத்து, அதைப் பார்த்துப் பின்னால் போட்டேன். தொடக்கக்காரியின் ஆர்வம். பாறை பாறையாக எண்ணி வைத்துவிட்டேன். அக்காவைவிட மலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

சொல்லிக் கொடுக்கிற எல்லோரும் ஒன்றைத் தவறாமல் சொல்வார்கள். படத்தை அவ்வப்போது இடம் வலமாகத் திருப்பிப் பார், தப்பு கண்ணில் குத்தும். நானும் திருப்பினேன். தப்பு எதுவும் குத்தவில்லை. சொல்லப்போனால், திருப்பியபோதுதான் அக்கா எழுந்து வந்து எதிரே நின்ற மாதிரி இருந்தது. ஆகா, வித்தை கைவந்துவிட்டது என்று மகிழ்ந்து, பழையபடி திருப்பி வைத்து, போனில் இடம் போதவில்லை என்று எல்லா லேயரையும் ஒன்றாகச் சேர்த்து முடித்தேன்.

அக்கா வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "நானேதான்டி" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அம்மா பார்த்துவிட்டு, "ஜாடை இருக்குது. ஆனா நம்ம பொண்ணு மாதிரியும் இருக்குது, வேற யாரோ மாதிரியும் இருக்குது. இன்னான்னு சொல்லத் தெரியல" என்றாள்.

சோளக்கருது கோபம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பினோம். இரண்டு டிக் நீலமானது. 'டைப் செய்கிறார்' என்று வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு கட்டை விரலுக்கு இவ்வளவு நேரமா என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். கடைசியில் ஒரு வரி வந்தது.

'உங்க மூக்குத்தி அந்தப் பக்கம் இல்லியே?'

அக்காவின் கை தன்னால் மூக்குக்குப் போனது. வலது பக்கம் இருந்தது மூக்குத்தி. படத்தில் இடது பக்கம்.

"அதான்!" என்று கீரையை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்தே விட்டாள். "அதான் நான் சொன்னேன் இல்ல, இன்னாவோ இருக்குதுன்னு!"

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. என் போன் செல்ஃபியைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரியே பதிவு செய்கிற போன். நான் வரைந்தது கண்ணாடிக்குள் இருக்கிற அக்காவை. அவளுக்குத் தினமும் பழக்கமானது அந்த முகம்தான், அதனால் அவளுக்குத் தப்பே தெரியவில்லை. எதிரே நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். கூடவே வளர்ந்த எனக்கே தெரியாதது, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது!

அக்கா அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சர் குரல் வந்தது. "ஒடனே சரி பண்ணு. இப்பவே அனுப்பணும்."

சரி பண்ணுவது ஒரு நொடி வேலை. படத்தை இடம் வலமாகத் திருப்பினேன். மூக்குத்தி தன் இடத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து நைனா டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். மகளின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"மலைய எதுக்கு திருப்பி வெச்சிருக்கே?"

லேயரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த பாவம். அக்காவோடு சேர்ந்து ராஜகிரியும் திரும்பிவிட்டது. செஞ்சியில் பிறந்தவனுக்கு மூக்குத்தி தெரியாமல் போகலாம், மலை திரும்பினால் தெரியாமல் போகாது.

"மலைய யாரு பாக்கப் போறாங்க" என்று அக்கா அனுப்பிவிட்டாள்.

இந்த முறை பதில் வரவில்லை. போன் அடித்தது. அவர் அக்காவைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அக்கா மாடிக்கு ஓடினாள். ஓவியர் என்ற உரிமையில் நானும் ஓடினேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி ஜாடை காட்டினேன். பதற்றத்தில் போட்டுவிட்டாள்.

"மூக்குத்தி இப்ப சரியா இருக்குது" என்றது அந்தப் பக்கம். "ஆனா மலை திரும்பிடுச்சிங்களே. தெனம் பஸ்ல காலேஜ் போறப்ப பாத்த மலைங்க."

"மலைய வுடுங்க. என்னை எப்ப பாத்தீங்க?"



"எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க, அதனால தரைய பாத்தேன். உங்க நைனா போர்வெல்லுக்கு வந்ததும் எல்லாரும் அவரு பக்கம் திரும்பிட்டாங்க. அப்ப பாத்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"எங்கப்பாவுக்கும் போர்வெல் இருக்குதுங்களே."

அக்கா சிரித்துவிட்டாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"படத்துல வேற இன்னா தப்பு?" என்று கேட்டாள். இதென்ன, என் படத்தை ஆளாளுக்குத் திருத்துவதா? ஆனால் அவர் உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார். புருவம் அவ்வளவு அடர்த்தி இல்லையாம். முடி நெற்றியில் இன்னும் கொஞ்சம் இறங்கி இருக்குமாம். நான் தொட்டியில் சாய்ந்து என் போனையும் பேனாவையும் எடுத்து, சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"காது அவ்ளோ பெருசா வரைஞ்சிட்டா பாருங்க" என்றாள் அக்கா.

"இல்லங்க, காது கரெக்டா இருக்குது."

"அப்ப என் காது பெருசுன்றீங்களா?"

அந்தப் பக்கம் ஒரே திணறல். அக்கா ஸ்பீக்கரை அணைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கீழேயிருந்து அம்மா, நிச்சயப் புடவை எடுக்கத் திண்டிவனம் போறதா, திருவண்ணாமலை போறதா என்று கத்தினாள். தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எங்க போனா இன்னாம்மா, போலாம்!" என்று பதில் வந்தது. காதைச் சின்னதாக்கச் சொன்னவளும் பேச்சில் இருக்கிறாள், வேண்டாம் என்றவரும் பேச்சில் இருக்கிறார். நான் யாரிடம் கேட்பது? இருந்தபடியே விட்டுவிட்டு, மலையைத் தனியாக வெட்டித் திருப்ப ஆரம்பித்தேன்.