கோல்ஃப் மைதானத்திலிருந்து ஜெகதாப்பட்டினத்துக்கு ஓர் அழைப்பு

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு நாற்சந்தி இருக்கிறது. நான்கு மூலையிலும் 'நில்' என்று சிவப்புப் பலகை. அதிகாலையில் நான் வேலைக்குப் போகும்போது அங்கே ஈ, காக்கை இருக்காது. ஆனாலும் எதிரே வரும் ஒற்றைக் கார் அந்தப் பலகைக்கு முன்னால் முழுதாக நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நகரும். அமெரிக்காவுக்கு வந்து ஆறு வருடம் ஆகியும் எனக்கு இது வேடிக்கையாகவே இருக்கிறது. இங்கே வருவதற்கு முன்பு பாஸ்போர்ட் வேலையாகப் புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். 'கைபேசிக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்கு நேர் கீழே நின்று அங்கிருந்த ஊழியர் தன் மருமகனோடு அரைமணி நேரம் கைபேசியில் பேசினார். அது தப்பென்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. பலகை எழுதுவது ஒருவருடைய வேலை, அதன்படி நடப்பது யாருடைய வேலையும் இல்லை என்றே வளர்ந்தவன் நான்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் வால்டருக்கு அறுபது வயது. கோல்ஃப் என்றால் உயிர். ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு பெரிய போட்டி நடக்கும். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் டிக்கெட். பல வருடம் காத்திருந்து, போட்டிக்கு முந்தைய பயிற்சி நாள் ஒன்றுக்கு அவருக்கு இரண்டு டிக்கெட் விழுந்தது. அதில் ஒன்றை எனக்கு நீட்டினார். அப்படிப்பட்ட மனிதரிடம் கடைசி நேரத்தில் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? பயிற்சி நாளான செவ்வாய்க்கிழமை விடிகாலையில் கண் விழித்தபோது அம்மாவின் குரல்பதிவு வந்திருந்தது.

"ரியாசு போன போட்டு இன்னும் கரைக்கு வரலப்பா. கூடப் போன போட்டெல்லாம் காலையிலயே வந்துருச்சு. நீ பதறாம வேலையப் பாரு. தகவல் வந்தாச் சொல்றேன்."

ரியாஸ் என் தம்பி. ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். திங்கள் போனால் செவ்வாய் காலை திரும்பிவிடுவான். அம்மா பேசி அனுப்பியபோது அங்கே மதியம் தாண்டியிருந்தது. படகு வரவில்லை என்றால் எங்கள் ஊரில் இரண்டே நினைப்புதான் வரும். கடல் ஏதாவது செய்துவிட்டதா? அல்லது எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா? இரண்டாவதாக இருக்க வேண்டுமே என்று அல்லாவிடம் கேட்கிற அளவுக்கு நாங்கள் பழகிப்போய்விட்டோம்.

"என் தம்பி படகில் இருக்கிறான்" என்று காரில் வால்டரிடம் சொன்னேன். "செவ்வாய்க்கிழமையும் அதுவுமாக மீன்பிடிப்பா? கொடுத்துவைத்தவன்" என்று சிரித்தார். "என்ன மாட்டியதாம்?" அவருக்குப் படகு என்றால் விடுமுறை, குளிர்பெட்டி, மச்சானோடு அரட்டை. எங்கிருந்து விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. "இன்னும் தெரியவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

காரை நிறுத்தியதும் வால்டர் தன் கைபேசியை எடுத்துக் காரிலேயே வைத்துவிட்டு என்னுடையதற்குக் கை நீட்டினார். உள்ளே கைபேசி கூடாதென்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தார்கள், நானும் படித்திருந்தேன். பலகையைப் படிப்பதுபோலப் படித்திருந்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறேனே என்றேன். பிடித்தால் இருவரையும் வெளியே அனுப்புவார்கள், பிறகு ஆயுளுக்கும் டிக்கெட் கிடையாது என்றார். அவர் முகத்தில் விளையாட்டில்லை. கொடுத்துவிட்டேன். உள்ளே தொலைபேசி வைத்திருக்கிறார்கள், கவலைப்படாதே என்றார். நான் அதை நம்பவில்லை.

உள்ளே நான் பார்த்ததை உண்மையாகவே சொல்கிறேன். அப்படி ஓர் இடத்தை நான் கண்டதில்லை. இறக்கமும் ஏற்றமுமாகப் புல்வெளி, ஓங்கிய பைன் மரங்கள், ஆயிரக்கணக்கான ஜனம், ஆனால் கூச்சல் இல்லை. ஒரு கையிலும் கைபேசி இல்லாததால் எல்லோரும் நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். விடிகாலையில் மடக்கு நாற்காலியை விரித்துப் பெயரெழுதி வைத்துவிட்டு எங்கோ போய்விடுகிறார்கள். மணிக்கணக்காக அது காலியாகக் கிடக்கிறது. வேறொருவர் சற்று உட்கார்ந்தாலும் உரியவர் வந்ததும் நன்றி சொல்லி எழுந்துகொள்கிறார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்து, ஏறிப் பார்த்தால் துண்டின் மேலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கும் ஊரிலிருந்து வந்தவன் நான். நானும் பழக்க தோஷத்தில், பார்வையாளர்களுக்கு எல்லையாகக் கட்டியிருந்த கயிற்றோரம் என் கர்ச்சீப்பை விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு தன்னார்வலர் அம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, தொலைத்தவர் யார் என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது விளையாட்டுக்காரர்கள்தான். பயிற்சி நாளில் புள்ளிக் கணக்கு கிடையாது. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் என்று வால்டர் காட்டிய ஒருவர் மணல் பள்ளத்துக்குள் நின்று ஒரே அடியை இருபது தடவை அடித்தார். பாதி தவறியது. கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தவறுவதற்கென்று ஒரு நாளை ஒதுக்கி, அதையும் டிக்கெட் எடுத்து வந்து மரியாதையோடு பார்க்கும் ஜனத்தை நினைக்க ஆச்சரியமாக இருந்தது. கடலில் அப்படி ஒரு நாள் ஒருவருக்கும் கிடைப்பதில்லை. அந்த நினைப்பு வந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தொலைபேசியைத் தேடிப் போனேன்.

வால்டர் சொன்னது நிஜம். மேசை போட்டு வரிசையாகத் தொலைபேசிகள் வைத்திருந்தார்கள். "எந்த நாட்டுக்கும் பேசலாம், கட்டணம் இல்லை" என்றாள் அங்கிருந்த பெண். ரிசீவரை எடுத்த பிறகுதான் எனக்கு அம்மாவின் எண் தெரியாது என்பது உறைத்தது. திரையில் 'அம்மா' என்று தொட்டுத் தொட்டே பேசியவன். எனக்கு மனப்பாடமாக இருந்தது இந்தியாவில் ஒரே ஒரு எண், என் பழைய எண். அமெரிக்காவுக்குக் கிளம்பும்போது அந்த சிம்மை ரியாஸிடம்தான் கொடுத்தேன். என் எண்ணையே நான் அழைத்தேன். "நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்றது பதிவுசெய்த குரல். ஆறு வருடமாகக் கேட்காத குரல். இன்னொரு முறை கேட்டேன்.

வால்டர் ஒரு குளத்தருகே நின்றிருந்தார். கூட்டம் உற்சாகமாகக் கேட்க, ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தண்ணீர் மேலேயே தட்டிவிட்டார். நாம் குளத்தில் ஓட்டாஞ்சில்லு விடுவோமே, அதேபோல ஐந்து குதி குதித்துப் பந்து அக்கரைப் புல்லில் ஏறியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் கை தட்டினேன். தம்பி என்ன ஆனான் என்று தெரியாமல் கை தட்டுகிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. மறுபடி தொலைபேசிக்குப் போனேன். அங்கே இரவு ஒன்பது மணி ஆகியிருக்கும். இந்தத் தடவை மணி அடித்தது.

"யாருங்க?" பின்னால் ஒரே காற்றுச் சத்தம்.

"ரியாசு, நான்தான்டா."

"அண்ணே? இது யாரு நம்பரு?"

"அத விடு. எங்கடா இருக்க?"

"கரைக்குத்தாண்ணே வாரோம். நேத்து ராவே இஞ்சின் நின்னுபோச்சு. வயர்லெஸ்ஸும் செத்துருச்சு. இப்ப வேற ஊரு போட்டு ஒண்ணு கயித்தக் கட்டி இழுத்துட்டு வருது. நாலு பேரும் நல்லாத்தான் இருக்கோம். கரை வெளிச்சம் தெரியவும் இப்பத்தான் செல்லப் போட்டேன், மத்தவங்க செல்லெல்லாம் அணைஞ்சுருச்சு, இதுலயும் சார்ஜு இல்லண்ணே. கரையேற இன்னும் ரெண்டு மணி நேரமாகும், அம்மாட்ட நீங்க…"

அவ்வளவுதான். திரும்ப அழைத்தேன், அணைந்திருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பதறி ஏதோ கேட்டாள். நல்ல செய்திதான் என்றேன்.

குளத்துக்குத் திரும்பி வால்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "காலையிலேயே ஏன் சொல்லவில்லை?" என்றார். "சொன்னேனே, படகில் இருக்கிறான் என்று" என்றேன். அவர் கார்ச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். முட்டிவலிக்காரர், கூட வர முடியாது. "கைபேசி காரில் இருக்கிறது. போ" என்றார்.

ஓடினேன். முப்பதடி தாண்டியிருக்க மாட்டேன், மஞ்சள் தொப்பி போட்ட ஒரு முதியவர் கையை மெல்ல உயர்த்தினார். "ஐயா, இங்கே ஓடக்கூடாது. தயவுசெய்து நடங்கள்." அவ்வளவு கனிவாகச் சொன்னார். அவரிடம் விளக்கியிருக்கலாம். விளக்கத் தொடங்கினால் எந்த நாட்டிலிருந்து தொடங்குவது?

அவன் உயிரோடிருப்பது அப்போது கரையில் எவருக்கும் தெரியாது. பத்தாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் எனக்கு மட்டும் தெரியும். அம்மா இந்நேரம் கரையில் மீன் ஏலக்கூடத்து விளக்குக்குக் கீழே கடலைப் பார்த்தபடி நின்றிருக்கும். கைகளை வீசி, புல்லோரப் பாதையில், ஓடாமல், எவ்வளவு வேகமாக நடக்க அனுமதியோ அவ்வளவு வேகமாக நடந்தேன்.