தேன்மொழியின் அளவில் ஒரு பொம்மை

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். தேன்மொழியை அறிந்த உங்களுக்கு அதுவே போதும்.

அன்று சனிக்கிழமை. பள்ளி மண்டபத்தில் நாடக ரவிக்கைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியை கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தார். ஈப்போ மருத்துவமனையில் தேன்மொழி இறந்துவிட்டாள் என்றார். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இதயம் பலவீனம் என்பது தெரிந்தும், "எந்தத் தேன்மொழி?" என்று கேட்டேன். எங்கள் வகுப்பில் ஒரே ஒரு தேன்மொழிதான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு முதன்முதலில் வந்த பெண்களைப் பற்றிய நாடகம் அது. கொழுந்து பறிப்பவளாக நடிக்க இருந்தவளும், அந்தக் கால உடைகளைத் தைக்கும் பொறுப்பை ஏற்றவளும் அவள்தான். சில வாரங்களுக்கு முன், உடையைப் போட்டுப் பார்த்துத் தைக்கப் பொம்மை தேடி நானும் அவளும் கம்போங் ராஜா ஊரில் இருந்த துணிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் வாசலில் நின்ற பெரிய பொம்மையைக் காட்டினார்.

"இது வேணாம் பாய். துரை பொண்டாட்டி மாதிரி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது. கூடை சுமந்தவ தோளு இப்படியா இருக்கும்?" என்றாள் தேன்மொழி.

"பொம்மைக்கும் ஜாதகம் பாப்ப போல!" என்று பாய் சிரித்தார்.

மூலையில் தூசி படிந்து கிடந்த சின்னப் பொம்மையைத்தான் அவள் எடுத்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. "சின்னதப் பஞ்சு வச்சுப் பெருசாக்கலாம்டி. பெருசச் செதுக்க முடியாது லா" என்றாள்.

பொம்மையை எங்கள் வீட்டில் வைத்து, அவள் உடம்பை நான் அளக்க அளக்க, பழைய தலையணைப் பஞ்சை வைத்துக் கட்டினோம். அவளுடைய இடது தோள் சற்று இறங்கியிருக்கும். அதையும் அப்படியே செய்யச் சொன்னாள். பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை எட்டிப் பார்த்தார்.

"உசிரோட இருக்கிற புள்ளைக்கு உருவம் செய்யாதீங்கடி."

"அப்ப ஸ்கூல்ல போட்டோ எடுத்தவங்கல்லாம் எப்பவோ போயிருக்கணும் அத்த!" என்றாள் தேன்மொழி.

அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினாள். நான் படித்துக்கொண்டிருக்க, போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "உன் புக்கு எங்கயும் ஓடாதுடி. லைட்ட அணை."

சாவு வீட்டில் அஞ்சலை அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அந்த உருவத்தக் கொளுத்துங்க. அதுதான் புள்ளையக் கொண்டுபோச்சு." யாரும் மறுக்கவில்லை. அளவெடுத்தவள் நான். தலை நிமிர முடியவில்லை. அவளுடைய அம்மாவும் அப்படி நினைக்கிறாரா என்பது மட்டுமே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்கத் துணியவில்லை.

கருமாதி முடிந்த பின் ஒரு மாலை, ஆசிரியை அழைத்ததால் தேன்மொழியின் அம்மா பார்வதி பெரியம்மா மண்டபத்துக்கு வந்தார். அவர் சொன்னால் பொம்மையை எரித்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. வெளியே மழை. எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து ரவிக்கை மாட்டி வைத்திருந்த பொம்மைக்கு முன்னால் அவர் வெகுநேரம் நின்றார். பிறகு இடது தோளில் கை வைத்தார்.

"இதையுமா செஞ்சீங்க?"

"அவதான் செய்யச் சொன்னா பெரியம்மா."

"எரிச்சது ஒரு தடவ போதும்" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. அவளுக்குப் பதிலாக நடிக்கப்போகும் மாலினி கொஞ்சம் பருமன் என்று ஆசிரியை தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "மேல வச்சுக் கட்டும்மா. உள்ள இருக்கிறத மட்டும் எடுத்துடாத." ரவிக்கையைக் கழற்றினேன். பஞ்சை அவரே பிரித்துப் பிரித்துக் கொடுத்தார், நான் கட்டினேன். இடது தோள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அது எந்த இடத்தில் இறங்குகிறது என்பது என் விரல்களுக்குத் தெரியும். தேன்மொழியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்.

கிளம்பும்போது பெரியம்மா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"லைட்ட அணைச்சிடும்மா. வெளிச்சம் இருந்தா அவளுக்குத் தூக்கம் வராது."

விளக்குகளை அணைத்தோம்.