அண்ணியின் பாட்டைப் பாடிய ஆள்

என் அண்ணிக்குப் பாட்டு என்றாலே ஆகாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுவா, அதுவா? எது தெளிவா இருக்கு?" என்று கேட்பார். மழுப்பினால் விடமாட்டார். கடையில் ரேடியோ கிடையாது, வீட்டிலும் கிடையாது. மகளைத் தூங்க வைக்க முதுகில் தட்டிக்கொடுத்தாரே தவிர, ஒரு வரி முணுமுணுத்ததில்லை.

காரணம் குடும்பத்துக்கே தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணத்துக்கு முன்பு, அண்ணி பாடிய பாட்டு ஒன்று இசைத்தட்டாக வந்தது. டிஸ்கோ பித்து எல்லாரையும் பிடித்து ஆட்டிய காலம். ரேடியோவில் போடுகிறார்கள் என்று சொந்தபந்தமெல்லாம் சுற்றி உட்கார்ந்து காத்திருந்ததாம். பாட்டு வந்தது. பாடியது ஓர் ஆண்! துள்ள வேண்டிய பாட்டு நொண்டி நொண்டிப் போயிற்று. "ஏம்மா, நீ பாடினேன்னு சொன்னியே?" என்று அவருடைய அப்பா கேட்டாராம்.

குரல் பிடிக்காமல் தன்னைத் தூக்கிவிட்டு, எவனையோ பாட வைத்துவிட்டார்கள் என்று அண்ணி முடிவு கட்டினார். இசைத்தட்டுக் கம்பெனியில் போய்க் கேட்கவில்லை. தட்டை வாங்கிப் பார்க்கவும் இல்லை. அத்தனை வீம்பு. பாட்டு விலைபோகாமல் ஒழிந்தது. அண்ணியும் வாயை மூடிக்கொண்டார்.

போன மாதம் என் கண்ணாடியின் ஆடிப்போன காலை முடுக்கிக்கொள்ளப் போயிருந்தேன். பக்கத்துக் கடை செல்போன் மெக்கானிக்குக் கிறுக்கு ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் யாரும் சீந்தாத பாப் பாட்டுகளாகப் பார்த்துத் தேடிப்பிடிப்பான். பழைய சாமான் கடையில் கிடைத்த ஏதோ தட்டைச் சுழலவிட்டிருந்தான். தடுப்புப் பலகை வழியாகச் சோகமான ஆண் குரல் ஒன்று வந்தது. அண்ணியின் கையில் திருப்புளி அப்படியே நின்றது.

"இந்த எழவு இங்கயும் வந்துருச்சா?" என்று எழுந்தார். சண்டையை வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

மெக்கானிக் முகமெல்லாம் பல்லாக இருந்தான். "கேளுங்கக்கா! இன்டர்நெட்ல ஏத்தினேன், ஆயிரக்கணக்குல கேக்குறாங்க. லேபிள்ல பேர் இல்ல. இந்த ஆளு யாருன்னு ஒரே விசாரிப்பு."

அண்ணி திட்ட வாயெடுத்தார். அதற்குள் இரண்டாவது சரணம் வந்தது. பாடுகிறவர் நடுவில் லேசாகச் சிரித்து, அதை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தார். அண்ணியின் முகம் மாறியது.

"அங்க சிரிச்சது நான். டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழ போட்டுட்டான். திரும்பப் பாடுறேன்னேன், பரவால்லன்னு விட்டுட்டாங்க. இந்த ஆளுக்கும் எப்படி அதே இடத்துல சிரிப்பு வந்துச்சு?"

அண்ணி சுழலும் தட்டையே பார்த்தார். "வேகத்தைக் கூட்டுப்பா."

"அக்கா, லேபிள்ல நிமிஷத்துக்கு முப்பத்திமூணு சுத்துன்னுதான் போட்டிருக்கு."

"அச்சடிச்சவனுக்கு நீயா கண் டெஸ்ட் பண்ணே? நாப்பத்தஞ்சுல வை!"

வைத்தான். டிரம்ஸ் துள்ளியது. ஆம்பளை போன இடம் தெரியவில்லை. வாய்த்துடுக்கான ஓர் இளம்பெண் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணத்தில் வந்தது அண்ணியின் சிரிப்பேதான். லேபிளில் எவனோ வேகத்தைத் தப்பாக அச்சடித்திருக்கிறான், ரேடியோக்காரர்கள் அதை அப்படியே நம்பியிருக்கிறார்கள். படுபாவிகள்!

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "என்னைத் தூக்கலை," என்றார். "நான்தான் இருந்திருக்கேன்." கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் அழுதார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "தப்பா நெனைக்காதீங்கக்கா. ஜனங்களுக்கு அந்த மெதுவானதுதான் புடிச்சிருக்கு."

"புடிக்கட்டுமே. அதுவும் நான்தானே?"

இரண்டையும் போனில் ஏற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்தார். மெதுவானதைப் போட்டார், பிறகு வேகமானதைப் போட்டார். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"இப்ப சொல்லுங்க. இதுவா, அதுவா? எது என் குரல்?"

அண்ணன் திருதிருவென்று விழித்தார். "நீ பாடி நான் ஒருநாளும் கேட்டதில்லையேம்மா. நான் எதை வெச்சு சொல்றது?"

அண்ணி போனை அணைத்து மேஜைமேல் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.