சோதனைக்கு அழுத்திய பொத்தான்

ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவன் நான். கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியும். அதற்குமேல் அது என்ன சொன்னாலும் தலையாட்டுவேன். அப்படிப்பட்டவன் போன வருடம் மென்பொருள் தொண்டனானேன்.

காரணம் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும், என்னை அண்ணே என்று கூப்பிடும் ஒரு பெண். விருந்துக்கு அழைப்பு அனுப்பும் இலவச மென்பொருள் ஒன்றைப் பல நாட்டுக்காரர்கள் சம்பளமில்லாமல் கூடிச் செய்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

"எனக்குக் கோடிங் தெரியாதே லா."

"மொழிபெயர்க்கலாம், படம் போடலாம், எப்படிப் பயன்படுத்தணும்னு எழுதித் தரலாம். ஒண்ணும் முடியலன்னா சும்மா ஓட்டிப் பாருங்கண்ணே. எங்க உடையுதுன்னு சொன்னா அதுவே பெரிய உதவி."

உடைப்பதா? பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறேன்!

தங்கா பத்துவில் இருக்கும் என் வீட்டில் பசியாறிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். பொய்ப் பெயர்களைத் தட்டச் சோம்பல். கைப்பேசியில் இருந்த அத்தனை எண்களையும் ஏற்றினேன். 'இந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஓப்பன் ஹவுஸ். குடும்பத்தோடு வாங்க' என்று எழுதி, 'சோதனை' என்ற பொத்தானை அழுத்தினேன். சோதனைதானே, எங்கே போய்விடப் போகிறது?

எல்லாருக்கும் போய்விட்டது.

கைப்பேசி துள்ளியது. பண்டிகை நாளில் வீட்டைத் திறந்துவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போடுவதுதான் ஓப்பன் ஹவுஸ். இப்போது தீபாவளி இல்லை, கிறிஸ்மஸ் இல்லை. ஆனால் ஓப்பன் ஹவுஸ் என்றால் நம் ஆட்கள் காரணம் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். ஜாசின் அத்தை, பிளம்பர், என் மேனேஜர், எப்போதோ எனக்குக் கார் விற்ற சீனர், எல்லாரும் வருகிறார்களாம்!

ரத்து செய்ய அவசரமாக இன்னொரு பொத்தானை அழுத்தினேன். அது எல்லாருக்கும் நினைவூட்டல் அனுப்பியது. ஒயரைப் பிடுங்கினேன். லேப்டாப் பேட்டரியில் ஜாலியாக ஓடியது. கடைசியில் வைஃபையை அணைத்தேன்.

"என்னங்க, லைன் போயிருச்சு!" என்று வந்து நின்றாள் மனைவி. விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்:

"போன் போட்டு வராதீங்கன்னு சொல்லிரட்டுமா?"

"கூப்பிட்டுட்டு வராதீங்கன்னு சொல்றதா? ஜாசின் அத்தை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க. சாப்பாடு பத்தலன்னாலும் மானம் போச்சு. பாசாருக்குப் போயி கோழி வாங்குங்க. வெங்காயம் பூரா நீங்கதான் உரிக்கிறீங்க."

சனிக்கிழமை வாசலில் செருப்பு மலை. மீஹூன் சேமியா தட்டுத் தட்டாகப் பறந்தது. கோழிக்கறிச் சட்டியில் அடி தெரியத் தெரிய, அள்ளிப்போடும் கரண்டியைச் சிறிதாக்கிக்கொண்டே போனேன். கடைசி ஆளும் ஏப்பம் விட்ட பிறகுதான் மூச்சு வந்தது. எனக்கு மிஞ்சியது ரோஸ் சிராப் தண்ணி மட்டும்.

அப்போதுதான் ஜாசின் அத்தை கேட்டார்: "ஏம்ப்பா, எதுக்கு இந்த விருந்து?"

"மென்பொருள்ல ஒரு பிழை கண்டுபிடிச்சேன் அத்தை."

அத்தைக்குப் பிழை புரியவில்லை, பெருமை புரிந்தது. எல்லாரையும் எழுப்பி நிற்க வைத்தார். "இந்தப் பிள்ளைக்கு அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்த ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" பட்டை போட்டிருந்த மேனேஜர்கூட ஆமென் சொன்னார்.

நடந்ததை மறுநாள் அந்தத் தொண்டர்களுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: 'அருமையான கண்டுபிடிப்பு! அதே மாதிரி இன்னொரு முறை செய்து காட்ட முடியுமா?'

என் தோளுக்குப் பின்னால் நின்று மனைவியும் படித்தாள். லேப்டாப்பை மடக்கிக் கொண்டுபோய், விருந்தில் காலியாகிக் கிடந்த அரிசி டின்னுக்குள் வைத்து மூடினாள்.